மலைக்கு வாசல், நதிக்கு முதல் நகர்: மேட்டுப்பாளையம்

உதகைக்குச் செல்லும் அன்பர்களுள் பெரும்பாலோர் மேட்டுப்பாளையத்தை ஒரு வழிநகரமாக மட்டுமே அறிவர். சென்னையிலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி விரைவு ரயில் அவர்களை அதிகாலையில் இங்கே இறக்கிவிடுகிறது. உடனே மலை ரயிலில் இடம் பிடிக்கும் அவசரம். இல்லையெனில் குன்னூர்ப் பேருந்தைப் பிடிக்கும் அவசரம். நகருக்குள்ளேயே பவானி நதி ஓடுவதையும், சிறிது தொலைவில் அம்பிகை வனத்தினிடையே வீற்றிருப்பதையும் கவனிக்க எவருக்கும் நேரம் வாய்ப்பதில்லை.

கோயம்புத்தூருக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த இச்சிறுநகர், நிர்வாக எல்லைப்படி கோவை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் அதன் வாழ்வு முழுவதும் நீலகிரியோடு பிணைந்தது. மலையில் விளையும் உருளைக்கிழங்கு இவ்வூர் மண்டிகளில்தான் ஏலம் போகிறது. மலைக்குச் செல்லும் இரு பெருஞ்சாலைகளான குன்னூர்ச் சாலையும் கோத்தகிரிச் சாலையும் இங்கிருந்தே பிரிகின்றன. மலையில் பெய்யும் மழையும் பவானியாக இவ்வூரின் வழியேதான் சமவெளிக்கு இறங்குகிறது. மலையேறும் முன் ஒரு நாள் இங்கே தங்கி வழிபட்டுச் செல்வோருக்கு நீலகிரி யாத்திரை முழுமை பெறுகிறது.

மேற்கே சென்று கிழக்கே திரும்பும் நதி

பவானி நதி நீலகிரியின் தென்மேற்கு மூலையில், மேல்பவானிப் பகுதியில் உற்பத்தியாகிறது. அங்கிருந்து நேராகத் தமிழகச் சமவெளிக்கு அது வருவதில்லை. முதலில் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கினுள் இறங்கி, அட்டப்பாடியில் முக்காலிக்கு அருகே கிழக்கு நோக்கித் திரும்புகிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் நதிகள் கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்றே. அட்டப்பாடியில் சிறுவாணியைச் சேர்த்துக்கொண்டு மீண்டும் தமிழகத்திற்குள் நுழையும் பவானியோடு, மலையிலிருந்து வரும் குந்தா நதியும் கலக்கிறது. அந்நீரைப் பில்லூர் அணை தேக்குகிறது. அணையைக் கடந்து மலையடிவாரத்திற்கு வந்தபின் பவானி காணும் முதல் நகரமே மேட்டுப்பாளையம்.

இங்கிருந்து சிறுமுகை வழியாகப் பவானிசாகர் நீர்த்தேக்கத்தை அடைந்து, அங்கே மோயாற்றுடன் கூடி, சத்தியமங்கலம், கோபிசெட்டிபாளையம் பகுதிகளை வளப்படுத்தி, நிறைவாகப் பவானி நகரில் காவிரியோடு கலக்கிறது. தோற்றுவாயிலிருந்து சங்கமம் வரை அதன் நீளம் ஏறத்தாழ 217 கிலோமீட்டர். அச்சங்கமத்தில் அமைந்த சங்கமேசுவரர் ஆலயமே திருஞானசம்பந்தர் பாடிய திருநணா. கண்ணுக்குப் புலப்படாத அமுத நதியும் அங்கே வந்து கலப்பதாக ஐதிகம் உண்டு. அதனால் அக்கூடுதுறையைத் தென்னாட்டுத் திரிவேணி என்று போற்றுவர். கூடுதுறையில் நீராடுவோர் தொடும் நீர், மேட்டுப்பாளையத்தைக் கடந்து வந்த நீரே என்பது நினைவில் வைக்கத் தக்கது.

ஊர் வளர்ந்த கதை

மேடான இடத்தில் அமைந்த பாளையம் என்பதே ஊரின் பெயர்ப் பொருள். பாளையம் என்ற சொல் படை தங்கிய இடத்தையும், பாளையக்காரரின் ஆட்சிக்குட்பட்ட ஊரையும் குறிக்கும். கொங்கு நாட்டில் இப்பெயர் தாங்கிய ஊர்கள் மிகப் பல. சிற்றூராக இருந்த இவ்வூர் நகரமாக வளர்ந்ததற்கு மலைப்பாதையே காரணம்.

நீலமலையைப் பற்றிய பழைய கல்வெட்டுச் சான்று 1117ஆம் ஆண்டைச் சேர்ந்தது. போசள மன்னர் விஷ்ணுவர்த்தனரின் தளபதி புணீசன், தோடர்களை அஞ்சச் செய்து நீலமலையைக் கைக்கொண்டதாக அக்கல்வெட்டு கூறுகிறது. அதன்பின் பல நூற்றாண்டுகள் மலையின் செய்தி சமவெளிக்கு அரிதாகவே எட்டியது. திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்தபின் கோயம்புத்தூர்ச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயிற்று. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி, கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் பங்களா கட்டினார். பின்னர் உதகையில் குடியேறியதும், அங்குள்ள ஏரியை 1823 முதல் 1825 வரையான காலத்தில் வெட்டுவித்ததும் அவரே.

அக்காலத்தில் மலைக்குப் போட்ட முதல் பாதை சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குச் சென்றது. 1830களின் தொடக்கத்தில் குன்னூர்க் கணவாய்ப் பாதை அமைந்தபோதுதான் மேட்டுப்பாளையம் மலையின் தலைவாயிலாயிற்று. 1873இல் போத்தனூரிலிருந்து இவ்வூர் வரை ரயில் வந்தது. ரயிலில் வந்து இறங்கியவர்கள் குதிரையிலும் பல்லக்கிலும் பின்னர் குதிரை வண்டியிலும் மலையேறினர். சுமை தூக்குவோர், வண்டியோட்டிகள், தானிய வணிகர், சத்திரக்காரர் என்று பலதரப்பட்ட மக்கள் இங்கே வந்து குடியமர்ந்தனர். சிறுமுகை பாதையை இழந்தபோதும் தன் தறியை இழக்கவில்லை. அங்கு நெய்யப்படும் மென்பட்டுச் சேலைகள் இன்று தமிழகமெங்கும் புகழ் பெற்றுள்ளன.

வனத்தில் வீற்றிருக்கும் அன்னை

நகரிலிருந்து நெல்லித்துறை செல்லும் சாலையில், தேக்கம்பட்டி கிராமத்தின் எல்லையில், பவானியின் கரையோரம் வனபத்ரகாளியம்மன் ஆலயம் அமைந்துள்ளது. ஒருபுறம் நதி, சுற்றிலும் மரச்செறிவு, பின்னணியில் நீலமலைத் தொடர். கோயிலுக்குள் நுழையும் முன்பே மனம் ஒடுங்கும் சூழல் அது.

மகிஷாசுரனை அழிப்பதற்கு ஆற்றல் வேண்டி அம்பிகை சிவபெருமானை நினைந்து இவ்வனத்தில் தவமியற்றினாள் என்றும், வனத்தில் எழுந்தருளியதால் வனபத்ரகாளி எனப் பெயர் பெற்றாள் என்றும் தலவரலாறு கூறுகிறது. பகாசுரனை வதைக்கப் புறப்பட்ட பீமன் அன்னையை வணங்கிச் சென்றதாகவும் மக்கள் நம்புகின்றனர். ஆரவல்லி, சூரவல்லி என்ற சகோதரியரின் மாயவித்தையை வெல்ல வந்த அல்லிமுத்து, அன்னையின் அருள் பெற்றே வென்றான் என்பதும் இத்தலத்தோடு தொடர்புடைய கதையே. பாண்டவர்களின் சகோதரி மகனான அவ்வீரனின் கதை தமிழ்நாட்டுக் கிராமங்களில் பாட்டாகவும் கூத்தாகவும் நெடுங்காலம் நிகழ்த்தப்பட்டு வந்தது. அக்கதையைக் கேட்டு வளர்ந்த முதியோர் இத்தலத்திற்கு வரும்போது, பேரப்பிள்ளைகளுக்கு அதனை எடுத்துச் சொல்ல நல்ல வாய்ப்புக் கிடைக்கிறது.

ஆடி மாதத்தில் நடைபெறும் குண்டம் திருவிழா இத்தலத்தின் தலையாய விழா. விரதமிருந்த பக்தர்கள் பவானியில் நீராடி, ஈர ஆடையுடன் வந்து பூக்குண்டம் இறங்குவர். திருமணம், புதுமனை, தொழில் முதலிய காரியங்களைத் தொடங்குமுன் அன்னையின் சந்நிதியில் பூ வாக்குக் கேட்கும் வழக்கமும் உண்டு. கொங்கு நாட்டில் பல குடும்பங்களுக்கு இவள் குலதெய்வம். செவ்வாய், வெள்ளி, அமாவாசை நாள்களில் கூட்டம் மிகுதியாக இருக்கும். அமைதியாகத் தரிசிக்க விரும்பும் முதியோர் மற்ற நாள்களைத் தேர்ந்துகொள்வது நலம்.

நகருக்குள் பவானிக் கரையிலேயே சுப்பிரமணிய சுவாமி ஆலயம் உள்ளது. சூரசம்ஹாரத்தை ஒட்டிய கந்தசஷ்டி நாள்களில் அங்கே பக்தர்கள் திரள்கின்றனர்.

காரமடையும் அரங்கன் முடியும்

மேட்டுப்பாளையத்திற்குத் தெற்கே கோவைச் சாலையில் உள்ளது காரமடை. காரைச் செடிகள் மண்டிய இடத்தில் பசு ஒன்று நாள்தோறும் தானே பால் சொரிந்ததையும், அங்கு அகழ்ந்தபோது இறைவன் சுயம்புவாக வெளிப்பட்டதையும் தலவரலாறு சொல்கிறது. திருவரங்கத்தில் பள்ளிகொண்ட கோலத்தில் காட்சி தரும் அரங்கநாதர், இங்கே சுயம்புத் திருமேனியாக அருள்கிறார். மற்ற வைணவத் தலங்களில் சடாரி சாத்துவர். இங்கே இராமபாணத்தால் பக்தர்களை ஆசீர்வதிப்பது தனிச்சிறப்பு.

மாசி மகத்தன்று நடைபெறும் தேரோட்டம் கொங்கு மண்டலத்தின் பெருவிழாக்களுள் ஒன்று. பக்தர்கள் தீப்பந்தம் ஏந்தி ஆடும் பந்த சேவை, தோல்பையில் நீர் சுமந்து வந்து வார்க்கும் தண்ணீர் சேவை, கவாள சேவை ஆகியன அவ்விழாவின் நேர்த்திக்கடன்கள். திருக்கல்யாணத்தின் பொருட்டுப் பெட்டத்தம்மன் மலையிலிருந்து தாயாரை அழைத்து வருவதும் மரபு.

காரமடை அரங்கனுக்கு நீலகிரியிலும் ஓர் இருப்பிடம் உண்டு. கோத்தகிரிக்குக் கிழக்கே கோடநாட்டுப் பக்கம் அரங்கசாமி முடி என்ற சிகரம் தனித்து நிற்கிறது. தேவியோடு பிணங்கிய அரங்கன் காரமடையை விட்டு அச்சிகரத்தில் தனியே வந்து தங்கினான் என்றும், அங்குள்ள பாறையில் காணப்படுபவை அவனது திருவடிச் சுவடுகளே என்றும் ஒரு நம்பிக்கை நிலவுவதை, 1908இல் வெளியான நீலகிரி மாவட்ட விவரச்சுவடி குறித்துள்ளது. அங்கு பூசை செய்பவர்கள் இருளர் பழங்குடியினர். சமவெளியில் தேரில் உலா வரும் பெருமாளுக்கே மலையுச்சியில் வனவாசிகள் பூசனை செய்கின்றனர். மலையும் சமவெளியும் ஒரே தெய்வத்தைப் பகிர்ந்துகொண்டுள்ளன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

காரமடைக்கு அருகே குருந்தமலையில் குழந்தை வேலாயுத சுவாமி கோயில் கொண்டுள்ளார். இயன்றவர்கள் அங்கும் சென்று தரிசிக்கலாம்.

யானைகள் ஓய்வெடுத்த ஆற்றங்கரை

தமிழகத் திருக்கோயில்களில் சேவை புரியும் யானைகளுக்குப் புத்துணர்வு அளிக்கும் நோக்கத்துடன் 2003இல் முதுமலையில் சிறப்பு முகாம் ஒன்றை மாநில அரசு நடத்தியது. பின்னாளில் 2012 முதல் வனபத்ரகாளியம்மன் ஆலயத்திற்கு அருகே, தேக்கம்பட்டியில், பவானிக் கரையில் அம்முகாம் பல ஆண்டுகள் நடைபெற்றது. 48 நாள்கள் யானைகளுக்கு நடைப்பயிற்சி, குளியல், பசுந்தீவனம், மருத்துவப் பரிசோதனை ஆகியன அளிக்கப்பட்டன. ஆண்டு முழுவதும் கருங்கல் தரையில் நின்ற கால்கள் மண்ணை மிதித்தன. தனித்தனிக் கோயில்களில் வளர்ந்த யானைகள் தம்மினத்தைக் கண்டு துதிக்கை கோத்து நின்ற காட்சியைக் காண மக்கள் திரண்டனர்.

இவ்விடத்தைச் சுற்றியுள்ள காடுகள் காட்டு யானைகளின் வாழிடம். கல்லாறு, மலையடிவாரத்தில் அவை ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டிற்குக் கடந்து செல்லும் வழி. நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் தோட்டங்களும் அவ்வழியைக் குறுக்கிவிட்டன. விநாயகப் பெருமானை முதலில் வணங்கிவிட்டு எக்காரியத்தையும் தொடங்கும் மரபினர், அவ்வுருவம் தாங்கிய உயிரின் பாதையில் வண்டியை நிறுத்துவதும், தின்பண்டங்களை வீசுவதும், ஒலி எழுப்புவதும் முறையாகா. இரவு நேரத்தில் அச்சாலையில் பயணம் செய்வதைத் தவிர்ப்பது மனிதர்க்கும் யானைக்கும் நல்லது.

பல்சக்கரத்தில் ஏறும் ரயில்

மேட்டுப்பாளையத்தின் புகழை உலகறியச் செய்தது நீலகிரி மலை ரயில். மலைக்கு ரயில் பாதை அமைக்கும் யோசனை 1854லேயே எழுந்தது. ஆனால் பணி 1891இல் தொடங்கி, 1899 ஜூன் மாதத்தில்தான் குன்னூர் வரை வண்டி ஓடலாயிற்று. 1908 அக்டோபரில் பாதை உதகையை எட்டியது. 2005 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பாதையின் நீளம் ஏறத்தாழ 46 கிலோமீட்டர். அதற்குள் 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். கடல்மட்டத்திற்கு மேல் 326 மீட்டர் உயரத்தில் புறப்படும் வண்டி, 2,203 மீட்டர் உயரத்தில் பயணத்தை முடிக்கிறது. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் மிகக் கடுமையானது. ஏறத்தாழ 12 அடி முன்னேறினால் ஓர் அடி உயர வேண்டும். வெறும் இரும்புச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். ஆதலின் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் கொண்ட இரும்புச் சட்டத்தைப் பதித்துள்ளனர். எஞ்சினின் பல்சக்கரம் அப்பற்களைப் பற்றிப் பற்றி மேலேறுகிறது. எஞ்சின் முன்னின்று இழுப்பதில்லை; பின்னிருந்து தள்ளுகிறது. குன்னூருக்கு அப்பால் ஏற்றம் தணிவதால் பற்சட்டம் தேவைப்படவில்லை.

அடிவாரத்தின் கல்லாறு அரசு பழப்பண்ணையில் மங்குஸ்தான், துரியன் போன்ற அரிய பழமரங்கள் உள்ளன. அதனைக் கடந்து மேலேறினால் பாக்குத் தோப்புகள் மறைந்து காடு தொடங்கும். காடு விலகியபின் தேயிலைத் தோட்டங்கள் தோன்றும்.

மலைமேல் மாரி

குன்னூரில் இறங்குவோர் முதலில் தரிசிக்க வேண்டியது தந்தி மாரியம்மனை. தந்திக் கம்பத்தை ஒட்டி அன்னை வெளிப்பட்டதால் அப்பெயர் வந்தது என்பர். சித்திரையில் நடைபெறும் முத்துப்பல்லக்கு உற்சவம் புகழ் பெற்றது. ஊரில் 1874இல் உருவான சிம்ஸ் பூங்காவும் உண்டு.

உதகையின் சந்தைப் பகுதியில் எழுந்தருளியுள்ள மாரியம்மன் ஆலயத்தில் மாரியும் காளியும் ஒரே பீடத்தில் அருகருகே வீற்றிருப்பது அரிய காட்சி. சந்தைக்கு வந்த வணிகர்களிடம் இரு பெண்கள் தங்க இடம் கேட்டதாகவும், அவர்களே தேவியர் என்பது பின்னர் விளங்கியதாகவும் கர்ணபரம்பரைக் கதை வழங்குகிறது. சித்திரைத் தேர்த்திருவிழாவை ஒட்டி, ஒரு மாதத்திற்கும் மேலாகப் பல்வேறு சமூகத்தார் ஆளுக்கொரு நாள் உபயம் நடத்துவர். எல்க் ஹில் குன்றின் மீதுள்ள பாலமுருகன் கோயிலில் உயர்ந்து நிற்கும் முருகன் திருவுருவம் மலேசியாவின் பத்துமலையை நினைவூட்டும். மலையின் மக்களான படகர்கள் தம் குலத்தாயாகிய ஹெத்தையம்மனுக்கு மார்கழி, தை மாதங்களை ஒட்டி விழா எடுக்கின்றனர். கோத்தகிரிப் பக்கம் பேரகணியில் அவ்விழா சிறப்பாக நிகழும்.

தேயிலைத் தோட்டந்தோறும் ஒரு சிறு மாரியம்மன் கோயிலைக் காணலாம். அவற்றுள் சிலவற்றின் பின்னே கடல் கடந்த துயரமும் உண்டு. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர் பலர், 1964இல் ஏற்பட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்ப நேர்ந்தது. அவர்களுக்கு வேலை அளிக்கும் பொருட்டு 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே பின்னர் டான்டீ என்னும் அரசுக் கழகமாயிற்று. பிறந்த மண்ணையும் சேர்த்த பொருளையும் விட்டு வந்தவர்கள், அங்கே வணங்கிய மாரியை மட்டும் விடவில்லை. அக்கோயில்களின் வாசலில் நின்று ஒரு கணம் கைகூப்புவது அவ்வுழைப்பாளிகளுக்குச் செய்யும் மரியாதையுமாகும்.

நீருக்குள் நிற்கும் ஆலயம்

மேட்டுப்பாளையத்திலிருந்து நதியோடு கீழே சென்றால் பவானிசாகர் அணையை அடையலாம். 1948இல் தொடங்கி 1955இல் நிறைவெய்திய அணை அது. அணை கட்டியபோது டணாயக்கன் கோட்டை என்னும் பழம்பதி நீரில் மூழ்கியது. போசளர் காலத்துத் தண்டநாயகர்கள் ஆண்ட இடம் அது. அங்கிருந்த தெய்வத் திருமேனிகளை வேறிடத்தில் எழுந்தருளச் செய்தனர். ஆயினும் கற்றளிகள் நீருக்கடியிலேயே நின்றுவிட்டன. கடும் வறட்சியில் நீர்மட்டம் தாழும்போது மாதவராயப் பெருமாள் கோயிலின் மண்டபங்கள் வெளியே தெரியும். செய்தி பரவியதும் பழைய ஊராரும் சுற்றுவட்டாரத்தாரும் பரிசல் ஏறிச் சென்று பார்த்து வருவர்.

பல்லாயிரம் ஏக்கர் நிலம் பாசனம் பெறுவதற்காக ஓர் ஊரும் அதன் கோயிலும் இடம் விட்டுக்கொடுத்தன. அந்நீரின் மதிப்பை அளவிட அக்கோயிலே போதும்.

நதிக்கு நாம் செய்யும் வழிபாடு

பில்லூரில் தேங்கும் பவானி நீரே கோவை மாநகரின் குடிநீருக்குப் பெரும் ஆதாரம். மேட்டுப்பாளையத்திற்குக் கீழேயுள்ள ஊர்களும் இந்நதி நீரையே பருகுகின்றன. ஆனால் நகரின் கழிவுநீர் ஆற்றில் கலப்பதும், கரையெங்கும் பிளாஸ்டிக் குவிவதும் இன்றைய உண்மை. இதில் பக்தர்களின் பங்கும் சிறிதன்று. பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றில் விடுவது, பூசைப் பொருள்களைப் பையோடு எறிவது, கற்பூரப் பெட்டியையும் எண்ணெய்ப் பொட்டலத்தையும் படித்துறையிலேயே போட்டுச் செல்வது ஆகியன வழக்கமாகிவிட்டன. துணியை நதியில் விட வேண்டும் என்று வற்புறுத்துவோரிடம், அத்துணி எங்கே போகிறது என்று ஒரு கேள்வி கேட்கலாம். அது கரைவதில்லை. அடுத்த ஊரின் குடிநீர் இறைக்கும் இடத்திலோ, பாசன மதகிலோ போய்ச் சிக்கும். தர்ப்பணத்தின் எள்ளும் நீரும் நதியை மாசுபடுத்துவதில்லை. அதனைச் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையே மாசு. நல்ல துணியானால் ஏழை ஒருவருக்கு அளிக்கலாம். தானமும் பரிகாரமே.

நீராடுவதிலும் கவனம் வேண்டும். பில்லூரில் மின் உற்பத்திக்காக நீர் திறக்கும்போது, இங்கே ஒரு துளி மழை இல்லாத நாளிலும் ஆற்றின் மட்டம் சிறிது நேரத்தில் உயர்ந்துவிடும். முழங்கால் அளவு நீரில் நடந்து பாறைக்குச் சென்றவர், திரும்பும்போது மார்பளவு நீரைக் காண்பார். அவ்வாறு சிக்கி உயிரிழந்த வெளியூரார் பலர். அவர்களுள் இளைஞரே மிகுதி. ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை நாள்களில் பருவமழையும் சேர்ந்துகொள்ளும். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் இறங்கலாகாது. உள்ளூராரிடம் விசாரித்த பின்னரே படித்துறைக்குச் செல்ல வேண்டும். வயது முதிர்ந்தோர் நீரைக் கையில் எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டாலே போதும். முழுக்குப் போட்டால்தான் புண்ணியம் என்று சாஸ்திரம் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. இயலாதவர்க்குப் புரோட்சணமும் ஸ்நானமே. பேரப்பிள்ளைகளை ஆற்றங்கரையில் தனியே விடாதிருப்பது பெரியோரின் பொறுப்பு.

யாத்திரைக்குச் சில குறிப்புகள்

முதல் நாள் காலை காரமடை அரங்கநாதரையும் மாலை வனபத்ரகாளியம்மனையும் தரிசித்து, இரவு மேட்டுப்பாளையத்தில் தங்கலாம். மறுநாள் காலை ஏழு மணியளவில் புறப்படும் மலை ரயிலில் ஏறினால் நண்பகலில் உதகையை அடையலாம். இருக்கைகள் குறைவு, பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்துகொள்ள வேண்டும். பயணம் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் நீளும் என்பதால், நெடுநேரம் அமர இயலாதவர் குன்னூரிலேயே இறங்கிவிடலாம். முழங்கால் வலியும் இதய நோயும் உடையோர் மருத்துவரின் ஆலோசனை பெற்று மலையேறுவது நல்லது. கோடையிலும் மலையில் மாலைக் குளிர் கடுமையாக இருக்கும். கம்பளியும் குல்லாயும் வழக்கமான மருந்துகளும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

சொந்த வாகனத்தில் நீலகிரிக்குச் செல்வோர் 2024 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸ் பெற வேண்டும். மலை மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உள்ளதால், குடிநீருக்கு எவர்சில்வர் பாத்திரத்தைக் கொண்டு செல்வது நன்று. அக்கட்டுப்பாட்டை மலைக்கு மட்டும் என்று கருதாமல், அடிவாரத்து ஆற்றங்கரையிலும் கடைப்பிடித்தால் பவானித் தாய் மகிழ்வாள். வனபத்ரகாளியின் அருளும் அரங்கனின் கருணையும் யாத்திரை செல்லும் குடும்பங்கள் அனைத்தையும் காக்கட்டும்.